குப்பைமேடாகிப் போன தெருவை அங்கே குடியிருப்பவர்களோடு சேர்ந்து மீட்பது எப்படி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பது பேர் இறங்கினால் எவ்வளவு மோசமான தெருவையும் சுத்தம் செய்துவிடலாம். ஆனால் சிறு நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோவை ஒட்டிக் குப்பை சேர்கிறது. நூறு வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்துக்கொண்டால் தினமும் நூறு கிலோ. குப்பை வண்டி ஒழுங்காக வராத பகுதியாக இருந்தால் பத்தே நாளில் ஒரு டன் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதனால் சுத்தம் செய்யும் நாளைவிட, அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன். தமிழ்நாட்டின் பேரூராட்சிகளையும் சிறிய நகராட்சிகளையும் மனதில் வைத்து எழுதியது இது. பெருநகரத்தில் அலுவலகங்களும் ஆட்களும் வேறு மாதிரி இருப்பார்கள், வேலையின் போக்கு ஒன்றுதான்.

முதலில் துடைப்பத்தைத் தொடாதீர்கள்

முதல் இரண்டு வாரம் வெறுமனே நடந்து பாருங்கள். விடியற்காலை ஒரு தடவை, நண்பகலில் ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு தடவை. ஒரே தெரு மூன்று நேரத்திலும் மூன்று விதமாக இருக்கும்.

குவியல் கிடக்கும் இடத்தில் நின்று ஒரு நீளக் குச்சியால் கிளறிப் பாருங்கள். முடிச்சுப் போட்ட கேரி பைக்குள் காய்கறித் தோலும் சோறும் இருந்தால் அது அக்கம்பக்கத்து வீட்டுக் குப்பை. கோழி இறகும் குடலும் கறிக்கடையில் இருந்து வந்தது. வெட்டிய தலைமுடி சலூனுடையது. வாழை இலை, பேப்பர் கப், சின்னத் தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டப்பட்டிருந்தால் பக்கத்தில் ஏதோ ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. உடைந்த டைல்ஸும் சிமெண்ட் கட்டியும் இருந்தால் ஊரின் வேறு மூலையில் வீடு இடித்தவர்கள் ராத்திரியில் டிராக்டரில் கொண்டுவந்து தட்டியிருக்கிறார்கள்.

இதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பல இடங்களில் குவியலில் பெரும்பங்கு அந்தத் தெருக்காரர்கள் போட்டதாகவே இருக்காது. "அந்த ஏரியா ஆளுங்களுக்குச் சுத்தமே தெரியாது" என்று ஊர் சொல்லிக்கொண்டிருக்கும். அது பொய் என்று நோட்டைக் காட்டி நீங்கள் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்த்தால் இந்த இரண்டு வாரம் வீணில்லை என்று தெரியும்.

குப்பை வெளியிலிருந்து வரவில்லை என்றாலும் காரணம் தேடுங்கள். வண்டி காலை பத்து மணிக்கு வருகிறது, வீட்டில் எல்லோரும் எட்டு மணிக்கே மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போய்விடுகிறார்கள். சந்து குறுகல், பேட்டரி வண்டி உள்ளே நுழையாது. விளக்கு எரியவில்லை, இருட்டில் யார் போட்டாலும் தெரியாது. காலிமனை ஒன்று வேலி இல்லாமல் கிடக்கிறது, சொந்தக்காரர் வெளியூரில் இருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இதில் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

படங்களும் எடுத்து வையுங்கள், தேதியோடு. ஆட்கள் முகம் தெரியாமல் எடுங்கள்.

தெருவில் பேசத் தொடங்குவது

மைக்கும் நாற்காலியும் போட்டுக் கூட்டம் நடத்தாதீர்கள். குடிநீர் வரும் நேரத்துக் குழாயடி, ரேஷன் கடை வரிசை, சாயங்காலம் வாசல்படி, இவைதான் கூட்டம். கேள்வி ஒன்றே ஒன்று: "இந்தத் தெருவுல எது முதல்ல சரியாகணும்?"

குப்பை என்று பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சாக்கடை நாற்றம், கொசு, பொதுக் கழிப்பறைக்குக் கதவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றுதான் வரும். அவர்கள் சொல்வதிலிருந்தே தொடங்குங்கள், அது உங்கள் திட்டத்தில் இல்லாவிட்டாலும். தெருவிளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்ப் புகார் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும். கம்பி தொங்குகிறது, கம்பம் சாய்ந்திருக்கிறது என்றால் அது மின்வாரியம், அதன் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. ஒரு விளக்கு எரிந்துவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

"நீங்க போட்டோ எடுத்துட்டுப் போயிடுவீங்க தம்பி, நாங்கதான் இங்கயே கெடக்கணும்" என்று ஒரு அக்கா என்னிடம் சொன்னார். முன்பு வந்தவர்கள் அப்படித்தான் செய்திருந்தார்கள். இதற்கு வாயால் பதில் கிடையாது. அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம் போய் நிற்க வேண்டும். அதற்கடுத்த வாரமும் அப்படியே. அந்த அக்கா மாதிரி ஆட்கள்தான் பிற்பாடு தெருவையே தாங்குவார்கள், அவர்களுடைய சந்தேகத்தை மதியுங்கள்.

ஐந்திலிருந்து ஏழு பேர் கொண்ட ஒரு குழு போதும். அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கட்டும். மகளிர் சுய உதவிக் குழு அந்தத் தெருவில் இருந்தால் வேலை பாதி முடிந்தது, அவர்களுக்குக் கணக்கு எழுதவும் கூட்டம் கூட்டவும் ஏற்கெனவே தெரியும். தெருவின் இரண்டு முனையிலிருந்தும் ஆள் வேண்டும், இல்லையென்றால் ‘அது மேலத்தெருக்காரங்க வேலை’ ஆகிவிடும். கவுன்சிலரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால் அவருக்கு எதிராகச் செய்வதாக நினைப்பார். அதற்காகப் பேனர் கட்டி விழா எடுக்கவும் வேண்டாம்.

இன்னொன்றைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் குப்பை அள்ளும் வேலையைச் சாதி பார்த்துத்தான் சுமத்தி வைத்திருக்கிறோம். ‘சுத்தமில்லாத பகுதி’ என்று பேர் வாங்கிய தெருக்களில் பல, ஊரையே சுத்தம் செய்கிறவர்கள் குடியிருக்கும் தெருக்கள். அங்கே போய்த் தூய்மையைப் பற்றிப் பாடம் எடுக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. வண்டியும் வடிகாலும் அங்கே வந்து சேராமல் போனது ஏன் என்று கேட்கும் உரிமையும் கடமையும் உண்டு. சுத்தம் செய்யும் நாளில் யார் சாக்கடையில் மண்வெட்டி பிடிக்கிறார்கள், யார் ஓரமாக நின்று வழி சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். சாக்கடைப் பக்கம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மட்டும் நின்றால் அந்த இடத்திலேயே மாற்றுங்கள், முதலில் நீங்கள் இறங்குங்கள். டீ எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் வரட்டும்.

அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது

பேரூராட்சிக்குச் செயல் அலுவலர், நகராட்சிக்கு ஆணையர். மனு அவர் பெயருக்குத்தான். ஆனால் தினசரி வேலைக்கு நீங்கள் நெருங்க வேண்டியவர் துப்புரவு ஆய்வாளர் அல்லது தூய்மைப் பணி மேற்பார்வையாளர். உங்கள் வார்டுக்கு எத்தனை தூய்மைப் பணியாளர்கள், வண்டி எந்த வழியாக எத்தனை மணிக்கு வருகிறது, எந்தச் சந்துகள் விட்டுப்போகின்றன என்று அவரிடம் கேளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். ஐந்து பேர் பார்க்க வேண்டிய வேலையை இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது தெரிந்த பிறகு உங்கள் மனுவின் வாசகமே மாறும்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி இருக்கலாம்:

"பெறுநர்: செயல் அலுவலர் அவர்கள், ... பேரூராட்சி. பொருள்: வார்டு எண் ..., ... தெருவில் குப்பை வண்டி வரும் நேரத்தை மாற்றக் கோருதல். ஐயா, எங்கள் தெருவில் ... வீடுகள் உள்ளன. வண்டி காலை 10 மணிக்கு வருகிறது. பெரும்பாலானோர் 8 மணிக்கு வேலைக்குச் சென்றுவிடுவதால் குப்பையை வண்டியில் சேர்க்க முடியவில்லை. காலை 6.30 முதல் 7.30 மணிக்குள் வண்டி வர ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். அப்படி வந்தால் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்தே தருகிறோம். இணைப்பு: படங்கள், குடியிருப்போர் கையொப்பம்."

ஒரு மனுவில் ஒரே ஒரு கோரிக்கை இருக்கட்டும். குப்பை, சாக்கடை, விளக்கு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றும். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100 இருக்கிறது, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022 நவம்பர் 1 முதல், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கின. உங்கள் பகுதிக்கு அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு, குழாயடிக் கூட்டத்தையே அங்கே அழைத்துப் போங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரமே அதை நீட்டினால் நாளைக்கு டிராக்டர் கேட்கப் போகும்போது கதவு திறக்காது.

ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள்

முழுத் தெருவையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சுத்தம் செய்த பிறகு எவ்வளவு இடத்தைத் தினமும் காப்பாற்ற உங்களிடம் ஆள் இருக்கிறதோ அவ்வளவுதான் முதல் வேலை. அங்கன்வாடி வாசல், குழாயடி, டிரான்ஸ்பார்மர் மூலை என்று எல்லோர் கண்ணிலும் படுகிற, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளச் சம்மதிக்கிற ஒரு இடம். ஊர்க்கோடிப் புறம்போக்கில் இருக்கும் பெரிய மேடு பார்க்கப் பிரமாதமான சவாலாகத் தெரியும். அதைப் பிறகு பார்க்கலாம்.

சீமைக் கருவேலம் மண்டிய இடமென்றால் ஆட்களை இறக்காதீர்கள். முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்க ஜேசிபி வேண்டும், நிலம் யாருடையது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு அனுமதியும் வேண்டும்.

சுத்தம் செய்யும் நாள்

டிராக்டர் நிச்சயமான பிறகே நாள் குறியுங்கள். அள்ளிய குப்பையை ஓரமாகக் குவித்துவிட்டு "நாளைக்கு வண்டி வரும்" என்றால், நாளைக்குள் நாயும் மாடும் அதைத் தெரு முழுக்க இழுத்துவிடும். உள்ளாட்சி டிராக்டர் கிடைக்காவிட்டால் வாடகைக்குப் பிடிக்கலாம். ஆனால் எங்கே கொண்டுபோய்த் தட்டுவது என்று துப்புரவு ஆய்வாளரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். நம் குப்பையை இன்னொரு ஏழைத் தெருவின் ஓரத்தில் கொட்டுவதற்குப் பெயர் சுத்தம் இல்லை.

இருபத்தைந்து, முப்பது பேருக்கு மண்வெட்டி ஆறு, இரும்புச் சட்டி பத்து, நீளப் பிடி வைத்த வாருகோல் நாலைந்து, கடப்பாரை இரண்டு, அரிவாள் இரண்டு, நிறையக் காலிச் சாக்கு போதும். கனமான ரப்பர் கையுறையும் மூடிய காலணியும் இல்லாதவர்கள் குவியலைத் தொட வேண்டாம், அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். வெயில் ஏறினால் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள், மறு தடவை கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

பாதுகாப்பில் சமரசமே கூடாது:

- குவியலுக்குள் கையை விடாதீர்கள். முதலில் குச்சியால் தட்டுங்கள், பிறகு மண்வெட்டியால் மேலிருந்து இழுங்கள். பாம்பு தெரிந்தால் அடிக்கப் போகாமல் தள்ளி நின்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.
- கண்ணாடிக்கும் ஊசிக்கும் தனியாக ஒரு பெயிண்ட் டப்பா. கையைக் காலைக் கிழித்துக்கொண்டவர் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிடி ஊசி போட்டுக்கொள்ளட்டும்.
- காலில் புண் உள்ளவர் தேங்கிய நீரில் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும்.
- மூடிய சாக்கடை, ஆள்நுழைவுக் குழி, கழிவுநீர்த் தொட்டி எதிலும் யாரும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு நொடியில் ஆளை மயக்கும், காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்துக் கொல்லும். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்கியவர் மீது வழக்கு உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்கு லாரி வேண்டுமென்றால் 14420 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.
- எதையும் எரிக்காதீர்கள். காய்ந்த சருகானாலும் கூடாது. 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதம் விதித்தது. அபராதத்தை விடுங்கள், அந்தப் புகையை முதலில் குடிப்பது அந்தத் தெருக் குழந்தைகள்.

திறந்த சிறு சாக்கடையில் தூர் வாரும்போது சேற்றைக் கரையிலேயே விட்டுவிட்டால் ஒரு மழையில் திரும்ப உள்ளே போய்விடும். ஒரு நாள் நீர் வடிய விட்டு, மறுநாளே அள்ள வண்டி சொல்லி வையுங்கள்.

மறுநாள் காலை

இடம் சுத்தமான மறுநாள்தான் பழக்கத்தில் யாராவது ஒரு பையை வீசுவார்கள். அந்த முதல் பையை அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஒரு பை கிடந்தால் அதுவே மற்றவர்களுக்கு அனுமதி. ஆறிலிருந்து எட்டு மணி வரையும், இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் குழுவில் ஒருவர் அங்கே நடமாட்டமாக இருந்தால் போதும். போட வருகிறவரிடம் சண்டை பிடிக்காமல், "வண்டி இப்ப காலைல ஏழு மணிக்கே வருதுக்கா, அதுல குடுத்துடுங்க" என்று சொன்னால் பெரும்பாலானோர் திரும்பிப் போய்விடுவார்கள். முறை வைத்துக் கோலம் போடுவது பல ஊர்களில் பலன் கொடுத்திருக்கிறது. கோலத்தின் மேல் குப்பையைக் கொட்ட நம் ஆட்களுக்குக் கை வராது. ஒரு கல் பெஞ்சு போட்டுப் பெரியவர்கள் உட்காரத் தொடங்கினால் இன்னும் நல்லது. பெரிய குப்பைத்தொட்டி மட்டும் வைக்காதீர்கள். இரண்டே நாளில் அதைச் சுற்றித்தான் குப்பை விழும்.

வீட்டில் பிரிப்பதற்கு யாரையும் புதிதாக வாளி வாங்கச் சொல்ல வேண்டாம். ஈரக் குப்பைக்கு உடைந்த பழைய வாளி, காய்ந்ததற்கு ஆணியில் மாட்டிய அரிசிச் சாக்கு. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னதும் இந்தப் பிரிப்பைத்தான், கூடவே பேட்டரி, காலாவதி மருந்து போன்ற ஆபத்தானவற்றுக்குத் தனி வகை. நாப்கினையும் டயபரையும் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். வெறுங்கையால் அதைப் பிரிக்கிறவரும் ஒரு அம்மாதான். காய்ந்த குப்பையை விற்றுக் கிடைக்கும் பணம் பல ஊர்களில் தூய்மைப் பணியாளர்களுக்கே போகிறது. அதனால் பிரித்துக் கொடுப்பது அவர்களுக்கு வருமானமும்கூட. இதைச் சொன்னால் போதும், நம் பெண்கள் பால் கவரைக் கழுவியே கொடுப்பார்கள்.

ஈரக் குப்பை தெருவிலேயே மக்கிவிட்டால் பாரம் பாதிக்கு மேல் குறையும். கேரளத்து ஆலப்புழையில் 2012இல் சர்வோதயபுரம் குப்பைக் கிடங்கை ஒட்டி வாழ்ந்த மக்கள் இனி லாரிகளை உள்ளே விடமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். நகரத்துக்கு வேறு வழியில்லாமல் போன பிறகுதான் வீட்டிலும் தெருமுனையிலும் உரமாக்குவது அங்கே வேகம் பிடித்தது. அங்கே பயன்படும் தும்பூர்முழி முறை நமக்கும் சுலபம்: நாலு பக்கமும் காற்றுப் புகும் நாலடிக்கு நாலடித் தொட்டி, அடியில் சாணம், மேலே காய்ந்த இலை, அதற்கு மேல் ஈரக் குப்பை, மறுபடி அதே வரிசை. மூன்று மாதத்தில் உரம். நாற்றம் வந்தால் காய்ந்த இலை போதவில்லை என்று அர்த்தம். தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் பொறுப்பேற்காமல் கட்டவே வேண்டாம்.

கறிக்கடைக்காரரிடமும் மண்டபத்தாரிடமும் பேச நாலு பேராகப் போங்கள், அதில் அவர்களுடைய வாடிக்கையாளர் ஒருவர் இருக்கட்டும். அவர்களுக்கு உரிமம் கொடுப்பது உள்ளாட்சிதான் என்பது அவர்களுக்கும் தெரியும், அதை மிரட்டலாகச் சொல்லத் தேவையே வராது. ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களுக்கு 2016 விதிகளிலேயே தனிப் பொறுப்பு வைத்திருந்தார்கள்.

கொசுவுக்கு வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை, டயர், தேங்காய் ஓடு, மூடாத டிரம் இவற்றில் நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் ஒரு தடவை எல்லாவற்றையும் கவிழ்த்து, டிரம்மின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் சங்கிலி அறுந்துவிடும். வீடு வீடாகப் போய்ப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளைவிடக் கெட்டிக்காரர்கள் கிடையாது.

பணம்

முதல் மூலை சுத்தமாகும் வரை வசூலே வேண்டாம். டீ ஒருவர், சாக்கு ஒருவர், மண்வெட்டி இரவல் என்று பொருளாக வாங்குங்கள். பிறகு பணம் வந்தால் வரவு செலவை டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வடிகால், சுற்றுச்சுவர் போன்ற பெரிய வேலைக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தரும். ஊரில் பிறந்து வெளியூரில் சம்பாதிக்கிறவர்கள் இதற்குத் தாராளமாகவே கொடுப்பார்கள்.

மழைக்கு முன்னால்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கும். அதனால் சாக்கடை வேலை எதுவானாலும் செப்டம்பருக்குள் முடியட்டும். முதல் மழையில் எந்த வாசலில் தண்ணீர் நிற்கிறது என்று குடையோடு போய்ப் பார்த்து, மழை பெய்யும்போதே படம் எடுங்கள். கோடையில் காட்டும் காய்ந்த சாக்கடைப் படத்தைவிட இதற்குத்தான் பொறியாளர் அசைவார்.

அதற்குள் நோட்டுப் புத்தகமும் மனுப் பிரதிகளும் உங்கள் பையில் இல்லாமல் அந்தத் தெருவில் இரண்டு பேர் வீட்டில் இருக்க வேண்டும். அடுத்த மனுவில் முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருக்கட்டும். அலுவலகத்துக்கு அவர்கள் பேசப் போகும்போது நீங்கள் கூடப் போங்கள், பேச வேண்டாம். அடுத்த மூலை எது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். அவர்கள் காட்டும் இடம் நீங்கள் நினைத்திருந்த இடமாக இருக்காது. அவர்கள் சொல்லும் இடத்துக்கே டிராக்டருக்குச் சொல்லுங்கள்.